திருப்பும்போது ‘டக்... டக்...’ சத்தமா? காரின் முன் ஆக்சிலை வீட்டு வாசலிலேயே மாற்றலாமா?

யூ டர்ன் எடுக்க ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கும்போது முன்சக்கரத்துப் பக்கமிருந்து ‘டக்... டக்... டக்...’ என்று ஒரு சத்தம். ஸ்டீயரிங்கை நேராக்கியதும் நின்றுவிடும். பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் காதிலேயே விழாது. அதனாலேயே பலரும் மாதக்கணக்கில் அதைக் கண்டுகொள்வதில்லை. ஒருநாள் மெக்கானிக்கிடம் காட்டினால், டயருக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, “ஆக்சில் போச்சு சார்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்.

கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவில் வசிப்பவர்களுக்கு இந்த ஒரு வரி கொஞ்சம் கூடுதல் கவலை தரக்கூடியது. காரணம், அந்தச் சாலை.

குருபரப்பள்ளி இருப்பது தேசிய நெடுஞ்சாலை 44-ல். பழைய ஆட்களுக்கு இது இன்னமும் என்.எச். 7 தான். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை ஓடும் சாலை இது. பெங்களூரிலிருந்து தமிழகத்துக்குள் வரும் லாரிகளில் பெரும்பகுதி இந்த வழியாகத்தான் இறங்குகிறது. குருபரப்பள்ளியிலேயே சிப்காட் இருக்கிறது. அந்தப் பக்கம் ஓசூரில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ், டைட்டன் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள். ஷிஃப்ட் முடிந்து நள்ளிரவில் வீடு திரும்புகிறவர்கள், மாம்பழ சீசனில் தோப்புக்கும் மண்டிக்கும் அலைகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை பெங்களூருக்குத் துணி எடுக்கப் போகும் குடும்பங்கள் எல்லோருக்கும் இதே சாலைதான். டி.என். 24, டி.என். 70 பதிவெண்களுக்குச் சமமாக கே.ஏ. வண்டிகளும் ஓடும்.

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி 500 மீட்டரை ஒட்டி. சுமார் 50 கிலோமீட்டர் தூரத்துக்குள் அத்தனை இறக்கம். நடுவில் மேலுமலை. அந்த மேட்டில் ஏறும்போது ஒரு காரின் ஆக்சில் உடைந்தால் என்ன ஆகும்? இன்ஜின் உறுமும், வண்டி நகராது. பின்னால் லோடு லாரி வந்துகொண்டிருக்கும். இறக்கத்தில் உடைந்தால் இன்னும் மோசம். அதுவரை கியரில் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த இன்ஜின் பிரேக்கிங் அந்த நொடியே காணாமல் போய்விடும். மிச்சமிருப்பது பிரேக் பெடல் மட்டும்தான். அறுந்த ஷாஃப்ட் சுழன்று அடித்து, பக்கத்தில் போகும் பிரேக் ஹோஸைக் கிழிக்கவும் வாய்ப்பு உண்டு.

அப்படி நடுவழியில் நின்றுவிட்டால் முதலில் குடும்பத்தை இறக்கி, சாலையை விட்டு வெளியே, தடுப்புக் கம்பிக்கு அப்பால் நிறுத்துங்கள். அடுத்து தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033. காருக்குள் உட்கார்ந்துகொண்டு மெக்கானிக்குக் காத்திருப்பது மட்டும் வேண்டாம்.

எந்த ஆக்சில்?

இந்த வார்த்தையிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. லாரிக்காரரிடம் ‘முன் ஆக்சில்’ என்றால் இரண்டு முன்சக்கரங்களுக்கும் குறுக்கே போகும் கனமான இரும்புக் கட்டையைச் சொல்வார். டிராக்டரிலும் அப்படித்தான். நம் வீட்டு ஆல்ட்டோ, ஸ்விஃப்ட், ஐ10, சான்ட்ரோ போன்ற கார்களில் அப்படி ஒரு கட்டையே கிடையாது. மெக்கானிக் ‘ஆக்சில்’ என்று சொல்வது கியர் பாக்ஸிலிருந்து முன்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டை. இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று.

பொலிரோ, டூ வீல் டிரைவ் ஸ்கார்ப்பியோ, ஆம்னி, ஈகோ வைத்திருப்பவர்கள் இங்கேயே கொஞ்சம் மூச்சு விடலாம். அவை பின்சக்கரத்தால் ஓடும் வண்டிகள். முன்சக்கரத்துக்கு டிரைவ் ஷாஃப்ட்டே இல்லை. ஒடிக்கும்போது அவற்றில் சத்தம் வந்தால் காரணம் வேறு.

முன்சக்கரத்தில் இன்ஜினின் சக்தியை இறக்குவது ஒரு காலத்தில் பெரிய தலைவலி. பின்சக்கரம் நேராக மட்டுமே சுழலும். முன்சக்கரமோ சுழலவும் வேண்டும், இடமும் வலமும் திரும்பவும் வேண்டும், பள்ளத்தில் ஏறி இறங்கவும் வேண்டும். சாதாரண யுனிவர்சல் ஜாயின்ட்டை வைத்தால், கோணம் கூடக் கூட வேகம் சீராக இருக்காது. ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றுவதற்குள் மறுமுனை இரண்டு தடவை வேகமெடுத்து இரண்டு தடவை மெதுவாகும். ஸ்டீயரிங் கையில் உதறும்.

1926-ல் ஃபோர்டு நிறுவனத்தின் இன்ஜினீயர் ஆல்ஃபிரட் ரெஸெப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். கிண்ணம் போன்ற ஓர் உறை, அதற்குள் ஒரு சின்ன உருளை, இரண்டுக்கும் நடுவில் பள்ளங்களில் ஓடும் ஆறு எஃகு குண்டுகள். சக்கரம் எந்தக் கோணத்தில் திரும்பினாலும் அந்தக் குண்டுகள் இரண்டு பக்கத்துக்கும் சரிபாதிக் கோணத்தில் வந்து நிற்கும். அதனால் உள்ளே போகும் வேகமும் வெளியே வரும் வேகமும் ஒன்றாகவே இருக்கும். இதைத்தான் சி.வி. ஜாயின்ட் என்கிறார்கள். 1959-ல் பிரிட்டனில் வந்த மினி கார் இந்த ஜாயின்ட்டைச் சின்னக் குடும்பக் கார்களுக்குள் கொண்டுவந்தது.

நம் ஊருக்கு அது பரவலாக வந்தது மாருதி 800-உடன். 1983 டிசம்பர் 14 அன்று முதல் காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி கொடுத்த படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. அதுவரை அம்பாசிடரையும் பிரீமியர் பத்மினியையும் பிரித்துக் கோத்த கைகளுக்குப் பின்பக்க டிஃபரன்ஷியல்தான் பழக்கம். முன்பக்கத்திலேயே இன்ஜின், கியர் பாக்ஸ், டிரைவ் எல்லாம் இருந்த அந்தக் குட்டிக் காரைப் பார்த்துத்தான் ‘ஆக்சில் பூட்’ என்ற வார்த்தையே நம் பட்டறைகளில் சகஜமானது.

கெடுவது இரும்பு அல்ல, ரப்பர்

சி.வி. ஜாயின்ட் அவ்வளவு சுலபமாகக் கெடும் பொருள் கிடையாது. அதைச் சாகடிப்பது அதன் மேல் போர்த்தியிருக்கும் ரப்பர் உறை. அக்கார்டியன் போல மடிப்பு மடிப்பாக இருக்கும். பட்டறை மொழியில் பூட். உள்ளே கறுப்பு கிரீஸ் நிரப்பியிருப்பார்கள். வெயிலிலும் சூட்டிலும் ரப்பர் காய்ந்து, மடிப்பில் வெடிப்பு விழும். தோப்புப் பாதையில் ஒரு கூரான கல் பட்டாலும் போதும். சக்கரம் சுழலும் வேகத்தில் கிரீஸ் வெளியே தெறித்துவிடும். அந்த இடத்தில் மண்ணும் மழைத்தண்ணீரும் உள்ளே போகும். அப்புறம் எஃகு குண்டுகள் மண்ணோடு அரைபட ஆரம்பிக்கும். அந்த அரைப்பின் சத்தம்தான் ‘டக்... டக்...’.

அதாவது, சத்தம் கேட்கும்போது விஷயம் ஏற்கெனவே கை மீறியிருக்கும். சத்தம் வருவதற்கு முன்பே பூட் கிழிசலைப் பார்த்துவிட்டால், பூட்டையும் கிரீஸையும் மாற்றினால் போதும். சில நூறு ரூபாய்ப் பொருள், அதோடு கூலி. விட்டுவிட்டால் முழு ஆக்சில், அது ஆயிரக்கணக்கில்.

இந்தப் பக்கத்தில் ஆயுத பூஜை என்றால் தொழிற்சாலை மெஷினிலிருந்து வீட்டு சைக்கிள் வரை எல்லாம் குளிக்கும். பொட்டு வைப்பதற்கு முன் ஒரு நிமிடம் ஒதுக்கி, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுசாக ஒடித்து, டயருக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். அடுத்து மறுபக்கம். பூட்டில் வெடிப்பு இருக்கிறதா, சக்கரத்தின் உள்பக்கம் கறுப்பாகக் கிரீஸ் தெறித்திருக்கிறதா என்பது பளிச்சென்று தெரியும். வருஷத்துக்கு ஒரு தடவை போதாது. மழைக்காலம் முடிந்ததும் இன்னொரு தடவை பார்ப்பது நல்லது.

எந்தப் பக்கத்து ஆக்சில் என்று கண்டுபிடிக்க, காலி மைதானத்தில் ஸ்டீயரிங்கை ஒடித்து மெதுவாக வட்டம் அடிக்கச் சொல்வார்கள் மெக்கானிக்குகள். இடதுபக்கம் வட்டமடிக்கும்போது சத்தம் அதிகமென்றால் பெரும்பாலும் வலது ஆக்சில். வலதுபக்கம் என்றால் இடது. இது எப்போதும் சரியாக வராது, பூட்டையும் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஒடிக்கும்போது சத்தமே இல்லாமல், ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் வண்டி உதறினால் சந்தேகம் கியர் பாக்ஸ் பக்கத்து உள் ஜாயின்ட் மேல் போகும். சக்கரம் சுற்றச் சுற்ற ‘ஹூம்ம்’ என்று ஒரே மாதிரி இரைச்சல் வந்தால் அது வீல் பேரிங்காக இருக்கலாம். வீல் பேரிங் கோளாறுக்கு ஆக்சிலை மாற்றிவிட்டு, சத்தம் போகவில்லையே என்று நிற்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

வீட்டிலேயே மாற்றலாமா?

மாற்றலாம். ஆனால், எல்லோரும் அல்ல. எல்லா வாசலிலும் அல்ல.

குருபரப்பள்ளி, சூளகிரி, ஓசூர் வட்டாரத்தில் ஐ.டி.ஐ. ஃபிட்டர் படித்தவர்களுக்கும், அசெம்ப்ளி லைனில் நாள் முழுக்க நட்டு முடுக்குகிறவர்களுக்கும் பஞ்சமில்லை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த கை வீட்டிலேயே இருக்கும்போது எதற்குக் கூலி என்று தோன்றுவது இயல்புதான். கையில் திறமை இருக்கிறது, சரி. தொழிற்சாலையில் இருக்கும் லிஃப்ட், சமதளத் தரை, டார்க் ரெஞ்ச், பக்கத்தில் நிற்கும் சூப்பர்வைசர் இவையெல்லாம் வீட்டு வாசலில் இருக்காது. ஆபத்து வருவது அங்கேதான்.

காரோடு வரும் கத்தரிக்கோல் ஜாக்கி பஞ்சர் போட மட்டுமே. அதை நம்பி வண்டிக்கு அடியில் உடம்பின் எந்தப் பாகத்தையும் நுழைக்கக் கூடாது. இந்த வேலையில் சக்கர நட்டை உடைக்கவும், ஷாஃப்ட்டை நெம்பவும் வண்டியைப் பலமாக ஆட்டவேண்டிவரும். ஜாக்கி சரிந்தால் ஒரு நொடிதான். ஆக்சில் ஸ்டாண்ட் இரண்டு வாங்கியோ இரவல் வாங்கியோ வைக்காமல் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். ஸ்டாண்டுக்குப் பதில் செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் அடுக்குவதைப் பார்க்கிறோம். சுவரில் பாரம் பரவி நிற்கும் கல், ஒரே புள்ளியில் காரின் எடை இறங்கினால் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். மண் வாசல் என்றால் ஜாக்கியும் ஸ்டாண்டும் மெல்லப் புதையும். கீழே கனமான பலகை வேண்டும். சரிவான வாசல் என்றால் வேலையே வேண்டாம், சமதளம் தேடிப் போக வேண்டியதுதான்.

இன்னொரு விஷயம் பல அனுபவசாலிகளுக்கே தெரியாது. “ஃபர்ஸ்ட் கியரில் போட்டிருக்கேன், நகராது” என்பார்கள். முன்சக்கர டிரைவ் காரில் ஒரு முன்சக்கரம் தரையைவிட்டு எழும்பியதுமே கியர் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. டிஃபரன்ஷியல் அந்தத் தூக்கிய சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றவிட்டு, தரையில் இருக்கும் சக்கரத்தை உருள விட்டுவிடும். ஆட்டோமேட்டிக் காரில் ‘பி’-யில் போட்டாலும் இதே கதைதான். பின்சக்கரத்தைப் பிடிக்கும் ஹேண்ட் பிரேக்கும், பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் வைக்கும் கட்டைகளும்தான் காப்பாற்றும். கழற்றிய டயரை ஓரமாக உருட்டிவிடாமல் வண்டியின் பக்கவாட்டுச் சட்டத்துக்கு அடியில் படுக்கவைத்துவிடுங்கள். ஸ்டாண்டே சரிந்தாலும் வண்டி டயர்மேல் விழும்.

தனியாகச் செய்யாதீர்கள். கூப்பிட்ட குரலுக்கு ஒருவர் வேண்டும். அதே சமயம் குழந்தைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது. அப்பா என்ன செய்கிறார் என்று குனிந்து பார்க்க அவர்களுக்கு அரை நிமிடம் போதும்.

வேலை எப்படி நடக்கும்?

முதல் நட்டிலேயே பாதிப் பேர் தோற்றுவிடுவார்கள். சக்கரத்தின் நடுவில், ஹப்புக்கு வெளியே தெரியும் பெரிய நட்டுதான் ஆக்சிலைப் பிடித்திருக்கிறது. அது கழன்றுவிடாமல் இருக்க அதன் விளிம்பைத் தட்டி ஷாஃப்ட்டின் பள்ளத்துக்குள் மடக்கியிருப்பார்கள். சில கார்களில் காட்டர் பின் இருக்கும். மடக்கியதை உளியால் நிமிர்த்தாமல் ஸ்பேனரைப் போட்டால் மரை போய்விடும். இந்த நட்டை, டயர் தரையில் இருக்கும்போதே, ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ள, நீளமான கைப்பிடி போட்டு இளக்கிவிட வேண்டும். வண்டியைத் தூக்கிய பிறகு அதோடு மல்லுக்கட்டினால் ஸ்டாண்ட் ஆடும்.

அப்புறம் ஜாக்கி, ஸ்டாண்ட், டயர் கழற்றுவது. பல கார்களில் ஆக்சிலை இழுக்கும்போது கியர் ஆயில் வழியும் என்பதால் அதை முன்பே வடித்துக்கொள்வார்கள். வடிப்பதற்கு முன் ஆயில் ஊற்றும் நட்டு கழல்கிறதா என்று பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். அது கழலாமல், ஆயிலையும் வடித்துவிட்டால் வண்டி வாசலிலேயே நிற்கும்.

அடுத்து, ஹப் வெளிப்பக்கம் சாய்ந்து கொடுக்க வேண்டும். அதற்கு லோயர் ஆர்மின் பால் ஜாயின்ட்டைப் பிரிக்கலாம், அல்லது ஷாக் அப்சார்பரை நக்கிளோடு சேர்க்கும் இரண்டு போல்ட்டைக் கழற்றலாம். இரண்டாவது வழியில் போனால் பழைய போல்ட் நின்ற இடத்தைப் பெயின்ட்டால் குறித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டிவரும். ஏ.பி.எஸ். ஒயரும் பிரேக் ஹோஸும் இழுபடுகிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். காலிப்பரைக் கழற்ற நேர்ந்தால் அதை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் மேலே கட்டிவிட வேண்டும்.

ஹப்பிலிருந்து ஷாஃப்ட் வெளியே வர அடம்பிடிக்கும். சுத்தியலை எடுத்து நேராக மரை மேல் அடிப்பதுதான் எல்லோரும் செய்யும் காரியம். பழைய ஆக்சில்தானே, போகிறது என்று அடிக்கலாம் என்றாலும், அதிர்ச்சி வீல் பேரிங்குக்குப் போகும். மரத்துண்டு வைத்துத் தட்டுவது, வரவில்லையென்றால் புல்லர் போடுவது நல்லது.

உள்பக்கம், கியர் பாக்ஸில், ஒரு சின்ன வளையக் கிளிப் ஆக்சிலைப் பிடித்திருக்கும். ஜாயின்ட்டின் உறைக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் கடப்பாறை முனை மாதிரியான நெம்புகோலை வைத்து ஒரே தட்டில் நெம்பினால் ‘பட்’டென்று வந்துவிடும். ஷாஃப்ட்டைக் கையில் பிடித்து இழுக்கவே கூடாது. அப்படி இழுத்தால் உள் ஜாயின்ட் பிரிந்து, பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் நிற்கும். பூட் மட்டும் மாற்ற வந்தவர் முழு ஆக்சில் வாங்கிப் போக வேண்டியதுதான்.

இரண்டு பக்கமும் மாற்றுவதாக இருந்தால் ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்றைத் தொடவேண்டும். சில கியர் பாக்ஸ்களில் இரண்டு ஷாஃப்ட்டையும் ஒரே நேரத்தில் எடுத்தால் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சைடு கியர்கள் இடம் மாறிவிடும். அப்புறம் கியர் பாக்ஸையே இறக்க வேண்டிய நிலை வரலாம். ஒரு நாள் ஞாயிறு விடுமுறையில் தொடங்கிய வேலை அடுத்த ஞாயிறு வரை போகும்.

வாங்கும்போதே ஏமாறாமல் இருக்க

ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க கிருஷ்ணகிரி, ஓசூர் கடைகளே போதும். கிடைக்காதவற்றுக்கு இந்த வட்டாரத்துக்காரர்கள் சென்னை ஜி.பி. ரோட்டைவிடப் பெங்களூரு ஜே.சி. ரோட்டுக்குத்தான் போவார்கள், அதுதான் பக்கம். பழைய ஆக்சிலைக் கையோடு கொண்டுபோவது உத்தமம். ஒரே மாடல் காரிலேயே பெட்ரோல், டீசல், ஆட்டோமேட்டிக் என்று ஆக்சில் மாறும். இன்ஜினை முன்பக்கம் குறுக்கே வைத்து கியர் பாக்ஸை ஓரத்தில் பொருத்தியிருப்பதால் பெரும்பாலான சின்னக் கார்களில் ஒரு பக்க ஆக்சில் குட்டையாகவும் மறுபக்கம் நீளமாகவும் இருக்கும். முனையில் இருக்கும் பற்களின் எண்ணிக்கையை எண்ணிப் பாருங்கள். சில கார்களில் ஏ.பி.எஸ். பல்வளையம் ஆக்சில் மேலேயே இருக்கும். பழையதில் இருந்தால் புதியதிலும் இருந்தாக வேண்டும்.

பழைய ஆக்சிலையே பெயின்ட் அடித்து ‘ரீகண்டிஷன்’ என்று விற்பதும் நடக்கிறது. புதிய பூட் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். உள்ளே குண்டு ஓடும் பள்ளம் தேய்ந்திருந்தால் பூட் என்ன செய்யும்? ஜாயின்ட்டைக் கையால் திருகி முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்து, ஆட்டம் இருந்தால் விட்டுவிடலாம். ஆக்சிலோடு கியர் பாக்ஸ் ஆயில் சீல் ஒன்று, புதிய ஹப் நட்டு ஒன்று, அந்தக் காருக்கு உரிய கியர் ஆயில் இவற்றையும் சேர்த்து வாங்கிவிட வேண்டும். தட்டி மடக்கிய பழைய நட்டை மறுபடி போடுவது நாலு காசு மிச்சம் பிடித்து நாற்பது காசு தொலைக்கும் வேலை.

மாட்டும்போது

புதிய சீலின் உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவி, அது கிழியாமல் ஆக்சிலை நேராக உள்ளே விட வேண்டும். கிளிப் உட்கார்ந்ததற்கு அடையாளமாக ஒரு ‘டிக்’ சத்தம் அல்லது கையில் ஒரு துள்ளல் தெரியும். உறையைப் பிடித்து லேசாக இழுத்துப் பார்த்து, வராவிட்டால் சரி. ஹப்புக்குள் வெளிமுனையை நுழைத்து, பிரித்த பால் ஜாயின்ட்டையோ போல்ட்டையோ முடுக்கி, டயரைப் போட்டு, வண்டியைத் தரையில் இறக்கியபின்தான் ஹப் நட்டுக்குக் கடைசி முறுக்கு.

இங்கேதான் டார்க் ரெஞ்ச் அவசியம். நிறைய கார்களில் இந்த நட்டுக்கு 150 முதல் 250 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கு கேட்பார்கள். சரியான எண் அந்தந்தக் காரின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். 200 நியூட்டன் மீட்டர் என்றால், அரை மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் ஏறக்குறைய 40 கிலோ எடையைத் தொங்கவிடுவதற்குச் சமம். ‘கைப்பக்குவம்’ என்று குத்துமதிப்பாக முடுக்கினால், குறைந்தாலும் வீல் பேரிங் போகும், ஏகத்துக்குக் கூடினாலும் போகும். நாள் முழுக்க ஓசூர் லைனில் டார்க் பார்த்து முடுக்கும் ஆட்கள்கூட வீட்டில் பைப்பை மாட்டி மூச்சுப் பிடித்து முடுக்குவதுதான் வேடிக்கை. வீட்டுக் காரில் உட்காரப்போவது அவர்களுடைய பிள்ளைகள்தானே. சக்கர நட்டுகளுக்கும் இதே கவனம் வேண்டும்.

ஆக்சிலைக் கழற்றிவிட்டு, ஸ்பேர் வாங்க நாளாகிறது என்று சக்கரத்தை மட்டும் மாட்டி வண்டியை நகர்த்துவது கூடாது. ஆக்சிலும் அதன் நட்டும் சேர்ந்துதான் பேரிங்கை இறுக்கிப் பிடிக்கின்றன. அவை இல்லாமல் காரின் எடை இறங்கி உருண்டால், பல கார்களில் பேரிங் பிரிந்துவிடும்.

எலெக்ட்ரிக் கார் வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: இன்ஜின்தான் போனது, ஆக்சில் போகவில்லை. மோட்டாரிலிருந்து சக்கரத்துக்கு அங்கேயும் இதே டிரைவ் ஷாஃப்ட், இதே சி.வி. ஜாயின்ட், இதே ரப்பர் பூட். நின்ற இடத்திலிருந்து முழு விசையையும் கொடுக்கும் மோட்டார் என்பதால் ஜாயின்ட்டுக்கு வேலையும் அதிகம். பூட்டை டார்ச் அடித்துப் பார்ப்பது வரை வீட்டில் செய்யலாம். ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்தக் கேபிள் போகும் வண்டியில் கழற்றி மாட்டும் வேலையை சர்வீஸ் சென்டருக்கே விட்டுவிடுங்கள்.

பட்டறையில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடியும் இந்த வேலைக்கு, முதல்முறை செய்பவர் ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டும். பாதியில் இருட்டிவிட்டால் நிறுத்திவிடுவதே மேல். மறுநாள் காலை ஷிஃப்டுக்குப் பஸ்ஸில் போய்க்கொள்ளலாம். ஸ்டாண்ட் இல்லை, டார்க் ரெஞ்ச் இல்லை, துணைக்கு ஆள் இல்லை என்றால் மெக்கானிக்கிடமே கொடுங்கள். அப்போதும் புதிய ஹப் நட்டு போட்டாரா, ஆயில் சீல் மாற்றினாரா, கியர் ஆயில் எவ்வளவு ஊற்றினார் என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டுப் பணம் கொடுக்கலாம்.

வேலை முடிந்ததும் கிளம்புவதற்கு முன் கியர் ஆயில் அளவைப் பார்த்து, பிரேக் பெடலை நாலைந்து தடவை மிதித்து, அது கெட்டியானபிறகே வண்டியை நகர்த்த வேண்டும். முதல் ஓட்டம் நெடுஞ்சாலையில் வேண்டாம். காலி இடத்தில் இடமும் வலமுமாக மெதுவாக இரண்டு வட்டம், பிறகு ஊருக்குள் ஒரு சுற்று. திரும்பி வந்து கியர் பாக்ஸ் பக்கம் ஆயில் கசிகிறதா, பூட் கிளிப் ஓரத்தில் கிரீஸ் எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்கள். 50 கிலோமீட்டர் ஓடியபின் சக்கர நட்டுகளை இன்னொரு முறை ரெஞ்ச் போட்டுச் சரிபார்த்துவிட்டு, மேலுமலைப் பக்கம் வண்டியை எடுக்கலாம். வடித்த பழைய கியர் ஆயிலைக் கால்வாயிலோ மாந்தோப்பு ஓரத்திலோ கொட்டாமல் கேனில் பிடித்துவைத்தால், ஆயில் மாற்றும் பட்டறையில் வாங்கிக்கொள்வார்கள்.